போப்பின் கை ஓங்கியிருந்த காலமும் போப்பின் ஓவியங்கள் ஓங்கிய காலமும் ஒன்றல்ல

நண்பர் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு கேள்வி, பிரித்துப் பார்த்தால் மூன்று. பெரிய படை எதுவும் இல்லாத போப்புக்கு ஐரோப்பிய மன்னர்கள் ஏன் பணிந்தார்கள் என்பது முதலாவது. வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயம், புனித பேதுரு பேராலயம் போன்றவற்றுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பது இரண்டாவது. அவ்வளவு அதிகாரம் இருந்தது, ஆகவே அவ்வளவு பெரிய கலை பிறந்தது, ஆகவே மறுமலர்ச்சியைப் போப்புகளே உருவாக்கினார்கள் என்று சொல்லலாமா என்பது மூன்றாவது. இதற்கும் நம் ஊருக்கும் தொடர்பு உண்டா என்றும் போகிற போக்கில் கேட்டிருக்கிறார்.

அந்த மூன்றாவது கேள்வியில் வருகிற ‘ஆகவே’ தான் எனக்கு இடிக்கிறது. கல்லூரியில் நெடுங்காலம் ஐரோப்பிய வரலாறு நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், தேர்வுத் தாள்களில் நான் அடிக்கடி சிவப்பு மை வைத்த இடம் இதுதான். இறையியல் என் துறை அல்ல. போப்பின் ஆன்மிக அதிகாரம் சரியா தவறா என்ற வழக்குக்குள் நான் நுழையப் போவதில்லை. ஓவியங்களைப் பற்றிப் பேசும்போதும் வரலாற்று ஆசிரியனின் கண்ணோடுதான் பேசுவேன். வண்ணத்தின் அழகைச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள்.

காலவரிசையை முதலில் சரிசெய்துகொள்வோம். போப்பின் சொல் மன்னர்களை உண்மையிலேயே அசைத்த காலம் ஏறத்தாழ 1075 முதல் 1300 வரை. இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் ரோமாபுரிக் கலை பெரும்பாலும் 1470க்குப் பிறகு வந்தது. இரண்டுக்கும் நடுவில் போப்பின் பதவி அடிமட்டம் வரை போய்த் திரும்பியிருக்கிறது. அதிகாரம் உச்சத்தில் இருந்தபோது கலையே இல்லை என்று சொல்ல வரவில்லை. ரோமில் சாந்தா மரியா இன் திராஸ்தேவெரே ஆலயத்தின் 12ஆம் நூற்றாண்டு மொசைக்குகளைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆனால் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போப்பாக இருந்த மூன்றாம் இன்னசென்ட் வைத்திருந்த செல்வாக்கில் கால் பங்குகூட 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துப் போப் இரண்டாம் ஜூலியஸிடம் இல்லை. மைக்கேலாஞ்சலோவை வேலை வாங்கியவரோ ஜூலியஸ்தான்.

படையில்லாத போப்பின் கதைக்கு எல்லோரும் சொல்லும் எடுத்துக்காட்டு கனோசா. 1077 ஜனவரியில் ஜெர்மானிய மன்னர் நான்காம் ஹென்றி, இத்தாலியின் கனோசா மலைக்கோட்டை வாசலில் வெறுங்காலோடு, கம்பளி உடுத்தி, மூன்று நாள் காத்திருந்து போப் ஏழாம் கிரிகோரியிடம் மன்னிப்புப் பெற்றார். மூன்று நாள், வெறுங்கால், கம்பளி ஆகிய விவரங்கள் கிரிகோரியே ஜெர்மானியப் பிரபுக்களுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கின்றன. அந்தக் கடிதம் எதற்கு எழுதப்பட்டது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ‘இவ்வளவு அழுதான், மன்னிக்காமல் இருக்க முடியவில்லை’ என்று, ஹென்றியை ஒழிக்கக் காத்திருந்த பிரபுக்களிடம் போப் கொடுத்த விளக்கம் அது. இரவும் பகலும் பனியிலேயே நின்றார் என்பதெல்லாம் பிற்காலத்தவர் சேர்த்த மெருகு.

ஹென்றி ஏன் போனார்? சண்டை ஆயர்களை (பிஷப்புகளை) நியமிப்பது யார் என்பதைப் பற்றியது. ஜெர்மனியில் ஆயர் என்றால் பூசை செய்பவர் மட்டுமல்ல, நிலமும் கோட்டையும் படைவீரர்களும் வைத்திருக்கும் ஆட்சியாளர். அவர்களுக்கு வாரிசு கிடையாது என்பதால் ஒவ்வொரு முறையும் தன் ஆளை உட்காரவைக்க மன்னருக்கு வாய்ப்பு. அதைத் தடுத்தால் ஆட்சியின் முதுகெலும்பையே பிடுங்குவதற்குச் சமம். ஹென்றி மறுத்தார். 1076 பிப்ரவரியில் கிரிகோரி அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கியதோடு, குடிமக்கள் அவருக்குச் செய்த விசுவாசப் பிரமாணம் இனிச் செல்லாது என்றும் அறிவித்தார். நம் கிராமங்களில் ஒருவரை ஊரைவிட்டுத் தள்ளிவைப்பது போன்றது இது. தள்ளிவைப்பதாகச் சொல்லும் வாய்க்கு வலிமை கிடையாது, அதைக் கேட்டு நெருப்பும் தண்ணீரும் தர மறுக்கும் பக்கத்து வீட்டுக்காரர்களிடம்தான் வலிமை இருக்கிறது. சாக்சனிப் பிரபுக்கள் ஏற்கெனவே ஹென்றிக்கு எதிராகக் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்கள். ஓராண்டுக்குள் விலக்கம் நீங்காவிட்டால் வேறு மன்னரைத் தேர்ந்தெடுப்போம் என்றார்கள். கெடு முடிவதற்குள் ஹென்றி ஆல்ப்ஸைத் தாண்டி ஓடினார்.

இதில் வென்றது யார் என்று மாணவர்களிடம் கேட்டால் எல்லோரும் போப் என்பார்கள். ஏழே ஆண்டுகள் கழித்து, 1084இல், அதே ஹென்றி படையோடு ரோமுக்குள் புகுந்து தனக்கு வேண்டிய ஒருவரைப் போப்பாக்கினார். கிரிகோரியை மீட்க வந்த நார்மன் படை நகரைக் கொள்ளையடித்தது. ரோமாபுரி மக்களின் கோபத்துக்கு அஞ்சி அவர்களோடே வெளியேறிய கிரிகோரி மறு ஆண்டு சலெர்னோவில் இறந்தார். 1122இல் வோர்ம்ஸ் நகரில் ஏற்பட்ட உடன்பாடு இரு தரப்புக்கும் பாதிப் பாதி. ஆனால் மன்னன் ஒருவனைப் பதவியிலிருந்து இறக்கும் உரிமை ரோமுக்கு உண்டு என்ற எண்ணம் ஐரோப்பிய மூளையில் ஆணியடித்ததுபோல் பதிந்துவிட்டது. கிரிகோரியின் உண்மையான வெற்றி அதுதான்.

இங்கிலாந்தின் ஜான் மன்னர் கதை இதைவிடத் தெளிவானது. இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைப் பதவியான கேண்டர்பரி பேராயர் பதவியில் ஸ்டீபன் லாங்டனை ஏற்க மறுத்ததால் மூன்றாம் இன்னசென்ட் 1208இல் இங்கிலாந்து முழுவதற்கும் வழிபாட்டுத் தடை விதித்தார். ஆலயமணி ஒலிக்கவில்லை. மக்களுக்குப் பூசை இல்லை. இறந்தவர்களை மந்திரித்த மண்ணில் புதைக்க முடியவில்லை. குழந்தைகளின் ஞானஸ்நானமும் சாகக் கிடப்பவர்களின் பாவசங்கீர்த்தனமும் மட்டும் விதிவிலக்கு. ஜான் துடித்துப்போனாரா என்றால் இல்லை. குருக்களின் சொத்துகளைக் கைப்பற்றி வருமானத்தை அனுபவித்தார். ஆண்டுக்கணக்கில் அப்படியே ஓட்டினார். 1213இல் பிரெஞ்சு மன்னர் படையெடுக்கத் தயாரானபோது, உள்நாட்டுப் பிரபுக்களும் கைவிடும் நிலை வந்தபோதுதான் பணிந்தார். பணிந்தவர் சும்மா பணியவில்லை. நாட்டையே போப்பிடம் ஒப்படைத்து, ஆண்டுக்கு 1,000 மார்க் கப்பம் கட்டும் சிற்றரசராக அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவமானம் என்று நாம் நினைக்கலாம். ஜான் அதைக் காப்பீடாக நினைத்தார். 1215இல் பிரபுக்கள் அவர் கழுத்தில் கத்தி வைத்து மன்னரின் கையைக் கட்டிப்போடும் மாக்னா கார்ட்டா சாசனத்தில் முத்திரை இடச்செய்தார்கள், இரண்டரை மாதத்துக்குள் இன்னசென்ட் அந்தச் சாசனம் செல்லாது என்று அறிவித்துவிட்டார். கட்டிய கப்பத்துக்குக் கைமேல் பலன்.

ஆக, முதல் கேள்விக்கு என் பதில் இது: மன்னர்கள் அஞ்சியது போப்புக்கல்ல, போப் கொடுக்கும் காரணத்தைப் பயன்படுத்திக்கொள்ளக் காத்திருந்த தங்கள் எதிரிகளுக்கு. நரக பயமே இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். அது இருந்தது, மன்னர்களுக்கும் இருந்தது. ஆனால் எந்த மன்னர் எந்த அளவு உள்ளூர அஞ்சினார் என்பதை ஆவணங்களிலிருந்து அளந்து சொல்ல முடியாது. எதிரிகள் எத்தனை பேர் என்பதை எண்ணிச் சொல்ல முடியும்.

வீட்டுக்குள் எதிரியில்லாத மன்னரிடம் இந்த ஆயுதம் எடுபடவில்லை என்பதற்கு பிரான்சின் நான்காம் பிலிப்பே சான்று. குருக்களிடம் வரி வாங்குவதில் தொடங்கிய தகராறில், மீட்படைய வேண்டுமானால் ஒவ்வொரு மனிதரும் போப்புக்குக் கீழ்ப்பட்டே தீர வேண்டும் என்று எட்டாம் போனிஃபாஸ் 1302இல் அறிவித்தார். போப்புகள் எழுதியவற்றிலேயே உச்சகட்டமான உரிமைக்கோரல் அது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் பிலிப்பின் ஆட்கள் அனாஞ்சி நகரில் அவருடைய மாளிகைக்குள்ளேயே புகுந்து அவரைச் சிறைப்பிடித்தார்கள். கன்னத்தில் அறைந்தார்கள் என்ற கதைக்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. ஊர் மக்கள் திரண்டு மீட்டார்கள் என்பதும், அக்டோபரில் அவர் இறந்துபோனார் என்பதும் உறுதி. உச்சகட்டக் கோரிக்கைக்கும் உச்சகட்ட அவமானத்துக்கும் நடுவில் ஓராண்டு இடைவெளிகூட இல்லை.

அதன் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். 1309 முதல் 1377 வரை போப்புகள் பிரான்சின் நிழலில், அவிஞ்ஞோன் நகரில் இருந்தார்கள். 1378 முதல் ஒரே நேரத்தில் இரண்டு போப்புகள், 1409 முதல் மூன்று. கான்ஸ்டன்ஸ் நகரில் கூடிய திருச்சபைத் தலைவர்களின் பொதுச்சங்கம் மூவரையும் ஒதுக்கிவிட்டு 1417இல் ஐந்தாம் மார்ட்டினைத் தேர்ந்தெடுத்தது. போப்பை ஒரு சங்கம் நீக்க முடியும் என்றாகிவிட்டது. பின்னால் வந்த ஒவ்வொரு போப்பின் தூக்கத்தையும் கெடுத்த நினைப்பு அது.

இப்போது கலைக்கு வருகிறேன். போப்புகள் சுவரில் வரையவைத்தவை வெறும் அலங்காரம் அல்ல, பெரும்பாலும் வழக்கு மனுக்கள். ரோமில் குவாத்ரோ கொரொனாத்தி என்று ஒரு பழைய மடாலயக் கோவில் இருக்கிறது. அங்கே புனித சில்வெஸ்டர் பெயரில் ஒரு சிறிய அறை. 1246ஐ ஒட்டி அதன் சுவர்களில் ஒரு கதை தீட்டப்பட்டது. 4ஆம் நூற்றாண்டு ரோமானியப் பேரரசர் கான்ஸ்டன்டைன் உடலெங்கும் தொழுநோய்ப் புள்ளிகளோடு படுத்திருக்கிறார், போப் சில்வெஸ்டர் அவருக்கு ஞானஸ்நானம் தருகிறார், நோய் தீர்ந்த பேரரசர் மண்டியிட்டு மகுடத்தைப் போப்பிடம் நீட்டுகிறார், பின்பு குதிரைமேல் அமர்ந்த போப்புக்கு முன்னால் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தே போகிறார். இதைத் தீட்டியபோது உண்மையான போப் நான்காம் இன்னசென்ட் எங்கே இருந்தார் தெரியுமா? பேரரசர் இரண்டாம் பிரெடரிக்கிடமிருந்து தப்பி பிரான்சின் லியோன் நகரில் இருந்தார். 1245இல் பிரெடரிக்கைப் பதவிநீக்கம் செய்தவர், ரோமுக்குத் திரும்பத் துணியவில்லை. பேரரசர் கடிவாளம் பிடிக்கும் படம், அவர் பிடிக்க மறுத்த நேரத்தில் வந்தது.

இந்தப் படத்துக்குப் பின்னால் இருப்பது ‘கான்ஸ்டன்டைனின் கொடை’ என்ற பத்திரம். மேற்குப் பேரரசையே போப்புக்கு எழுதிக்கொடுத்ததாகச் சொல்லும் அந்தப் பத்திரம் 8ஆம் நூற்றாண்டில் தயாரான போலி. லொரென்சோ வல்லா என்ற அறிஞர் 1440இல் அதன் லத்தீன் நடையைக் கொண்டே போலித்தனத்தை அம்பலப்படுத்தினார். அவரும் ஒன்றும் தராசு பிடித்த நடுநிலையாளர் அல்ல. போப்போடு மோதிக்கொண்டிருந்த அரகோன் மன்னர் அல்ஃபோன்சோவிடம் சம்பளம் வாங்கியவர். சுவையான விஷயம் என்னவென்றால், அடுத்து வந்த போப் ஐந்தாம் நிக்கோலஸ் அவரை ரோமுக்கே அழைத்து வேலை கொடுத்தார். இன்னும் சுவையானது, வல்லா எழுதி 80 ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும், 1520களில், ஓவியர் ரஃபேலின் சீடர்கள் வத்திக்கான் மாளிகையின் கான்ஸ்டன்டைன் கூடத்தில் அதே கொடைக் காட்சியைப் பிரமாண்டமாகத் தீட்டினார்கள். பத்திரம் செல்லாமல் போனபின் படம் பெரிதானது.

பணத்துக்கு வருவோம். திருச்சபை முழுவதிலிருந்தும் ரோமுக்கு ஓடிவந்த வரிகள், ஒரே நேரத்தில் பல போப்புகள் இருந்த பிளவுக் காலத்துக்குப் பிறகு சுருங்கிவிட்டன. ஒவ்வொரு மன்னரும் தன் நாட்டுக் குருக்களின் பணத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளப் பார்த்தார். ஆகவே 15ஆம் நூற்றாண்டுப் போப்புகள் நடு இத்தாலியில் தங்களுக்கென இருந்த நாட்டின் வருவாயை நம்பினார்கள். வெனிஸ், மிலான், ஃபுளோரன்ஸ், நேப்பிள்ஸ் என்ற நான்கு அரசுகளோடு ஐந்தாவதாக ஓர் இத்தாலிய அரசர் ஆனார் போப். 1460களின் தொடக்கத்தில் டோல்ஃபா மலையில் படிகாரம் கிடைத்தது பெரிய அதிர்ஷ்டம். துணியில் சாயம் பிடிக்கப் படிகாரம் வேண்டும், அதுவரை அது துருக்கியர் வசமிருந்த பகுதிகளிலிருந்து வந்துகொண்டிருந்தது. இனித் துருக்கியப் படிகாரம் வாங்கும் கிறிஸ்தவருக்குச் சபைவிலக்கம் என்று அறிவிப்பு வந்தது. மன்னர்களைக் கவிழ்க்கப் பிறந்த ஆயுதம் சாயச்சரக்கு வியாபாரத்துக்குக் காவல் நின்றது. இதோடு அலுவலகப் பதவிகளை விற்பது இன்னொரு வழி. பதவியை வாங்குபவர் மொத்தமாகப் பணம் கட்டுவார், ஆயுள் முழுவதும் ஆண்டுதோறும் சம்பளம் பெறுவார். பெயர்தான் பதவி, உள்ளே இருந்தது கடன்பத்திரம். பத்தாம் லியோ காலத்தில் இப்படி விற்கப்பட்ட பதவிகள் 2,000ஐத் தாண்டின.

இந்தப் பணமும் அரசியலும் ஓவியமும் ஒரே முடிச்சில் வந்து விழுவது நான்காம் சிக்ஸ்டஸ் காலத்தில். சிஸ்டைன் சிற்றாலயம் அவர் பெயரால் வந்தது. தன் உறவினர் ஜிரோலாமோ ரியாரியோவுக்காக இமோலா நகரை வாங்க அவருக்குப் பணம் தேவைப்பட்டது. போப்பின் வங்கியாளர்களான ஃபுளோரன்ஸின் மெடிச்சி குடும்பம் கடன் தரத் தயங்கியது, போட்டியாளர்களான பாஸ்ஸி குடும்பம் கொடுத்தது. போப்பின் கணக்கு பாஸ்ஸிகளிடம் மாறியது, பிறகு படிகாரக் குத்தகையும் மாறியது. 1478 ஏப்ரல் 26, ஞாயிற்றுக்கிழமை. ஃபுளோரன்ஸ் பேராலயத்தில் பூசை நடக்கும்போதே ஜூலியானோ தெ மெடிச்சி குத்திக் கொல்லப்பட்டார். அண்ணன் லொரென்சோ கழுத்தில் காயத்தோடு தப்பினார். சதியில் இருந்த பீசா பேராயர் சால்வியாத்தியை மக்கள் நகர மாளிகையின் ஜன்னலிலிருந்து தூக்கில் தொங்கவிட்டார்கள்.

போப்புக்கு இது தெரியுமா? மெடிச்சிகளின் ஆட்சி கவிழ வேண்டும் என்று அவர் விரும்பினார் என்பதில் சந்தேகமில்லை. கொலைக்குச் சம்மதித்தாரா என்பது வேறு. சதியில் சேர்ந்து பிடிபட்ட மொந்தெசெக்கோ என்ற படைவீரர், தண்டனைக்கு முன் கொடுத்த வாக்குமூலத்தில், ‘யாரும் சாகக் கூடாது, ஆட்சி மட்டும் மாறட்டும்’ என்று போப் சொன்னதாகச் சொல்லியிருக்கிறார். கொல்லாமல் எப்படிக் கவிழ்ப்பது என்று போப் யோசித்திருக்க மாட்டாரா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அது என் ஊகம், ஆவணம் அவ்வளவுதான் சொல்கிறது.

சதிகாரர்கள் தூக்கில் தொங்கும் கோலத்தை ஃபுளோரன்ஸ் நகர அரசு பொதுக் கட்டடத்தின் சுவரில் வரையச் சொன்னது. 40 ஃபுளோரின் பொற்காசு கூலிக்கு வரைந்தவர் சாந்த்ரோ போட்டிசெல்லி. போப் தரப்பின் நெருக்குதலால் பேராயரின் உருவம் மட்டும் பிறகு அழிக்கப்பட்டது. லொரென்சோவைச் சபையிலிருந்து விலக்கி, ஃபுளோரன்ஸுக்கு வழிபாட்டுத் தடை விதித்து, போரும் நடத்திப் பார்த்தார் சிக்ஸ்டஸ். 1480இல் சமாதானம். மறு ஆண்டு, 1481இல், அதே போட்டிசெல்லி, கிர்லாந்தாயோ, கோசிமோ ரோசெல்லி ஆகிய ஃபுளோரன்ஸ்காரர்களும் பெருஜினோவும் போப்பின் புதிய சிற்றாலயச் சுவர்களில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். சமாதானப் பரிசாக லொரென்சோவே ஓவியர்களை அனுப்பினார் என்று பல நூல்களில் படிப்பீர்கள். பொருத்தமான ஊகம்தான், ஆனால் அதை நேரடியாகச் சொல்லும் கடிதம் இல்லை. நல்ல ஓவியர் வேண்டுமென்றால் ஃபுளோரன்ஸைத்தான் பார்க்க வேண்டும் என்பதே போதுமான காரணமாகவும் இருக்கலாம்.

அங்கே போட்டிசெல்லி தீட்டியவற்றில் ஒன்றைக் கூர்ந்து பாருங்கள். மோசேக்கும் ஆரோனுக்கும் எதிராகக் கிளம்பிய கோராகு கூட்டத்தார் தண்டிக்கப்படும் விவிலியக் காட்சி. நடுவில் தூபக்கலசத்தை வீசியபடி நிற்கிறார் ஆரோன், தலையில் போப் அணியும் மகுடம். கலகக்காரர்களின் கலசங்கள் சிதறிப் பறக்கின்றன, இடது ஓரத்தில் நிலம் பிளந்து விழுங்குகிறது. பின்னணியில் ரோமில் இன்றும் நிற்கும் கான்ஸ்டன்டைன் வளைவு. அதன் நெற்றியில் உண்மையான கல்வெட்டுக்குப் பதிலாக, ஆரோனைப்போல் கடவுளால் அழைக்கப்பட்டாலன்றி எவரும் இந்த மாண்பைத் தனக்கு எடுத்துக்கொள்ளலாகாது என்ற விவிலிய வசனம். எதிர்ச்சுவரில் கிறிஸ்து பேதுருவிடம் திறவுகோல்களைக் கொடுக்கும் பெருஜினோவின் ஓவியம். அங்கும் இரண்டு வெற்றி வளைவுகள், செல்வத்தில் சாலமோனுக்கு இணையில்லாவிட்டாலும் பக்தியில் அவரை மிஞ்சியவர் என்று சிக்ஸ்டஸைப் புகழும் வரிகள். ஒருபக்கம் உரிமைப் பத்திரம், மறுபக்கம் எச்சரிக்கை. பொதுச்சங்கம் கூட்டிப் போப்பை இறக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு நிலம் பிளக்கும். 1482இல் சமொமெத்திச் என்ற பேராயர் உண்மையிலேயே பாசல் நகரில் அப்படியொரு சங்கத்துக்கு அழைப்பு விடுத்தார். அவரைக் குறிவைத்தே இந்த ஓவியம் என்று சிலர் எழுதுகிறார்கள். காலக்கணக்கு இடிக்கிறது. 1481 அக்டோபரிலேயே ஒப்பந்தம் எழுதப்பட்டுவிட்டது. தனி ஒருவரைவிட, கான்ஸ்டன்ஸ் சங்கத்தின் நினைப்பே அந்தச் சுவரில் இருக்கிறது என்பது என் கருத்து.

சிக்ஸ்டஸின் சகோதரன் மகன்தான் இரண்டாம் ஜூலியஸ். மேலே விதானத்தில் மைக்கேலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை தீட்டியதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். அங்கே ஆடையின்றி அமர்ந்திருக்கும் இளைஞர்கள் தாங்கும் மாலைகளில் ஓக் இலைகளும் கொட்டைகளும் இருக்கின்றன, ஜூலியஸின் குடும்பச் சின்னம் ஓக் மரம். படைப்புக் கதையின் நடுவிலும் வீட்டு முத்திரை. இந்தப் போப் படையை நடத்தி நேரில் போனவர். 1506இல் பொலோஞ்ஞாவைப் பிடித்தார், 1511 ஜனவரிப் பனியில் மிராண்டோலா முற்றுகைக்கே போய் நின்றார். பொலோஞ்ஞாவில் அவருடைய வெண்கலச் சிலையை மைக்கேலாஞ்சலோ வார்த்தார். கையில் புத்தகம் வைக்கட்டுமா என்று கேட்டதற்கு, வாளை வை, எனக்கு எழுத்து எங்கே தெரியும் என்று ஜூலியஸ் சொன்னதாக மைக்கேலாஞ்சலோவின் சீடர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் வருகிறது. ஆள் அப்படிப்பட்டவர்தான், சொன்னாரா என்று அறுதியிட முடியாது. சிலை 1508இல் நிறுவப்பட்டது. 1511இல் நகரம் கைமாறியபோது அதை இழுத்துத் தள்ளி உடைத்தார்கள். வெண்கலம் ஃபெராரா கோமகன் அல்ஃபோன்சோவிடம் போயிற்று. அவர் அதை உருக்கி ஒரு பீரங்கி வார்த்து, ஜூலியா என்று பெயர் வைத்தார்.

புனித பேதுரு பேராலயத்துக்கு ஜூலியஸ் 1506 ஏப்ரலில் அடிக்கல் நாட்டினார். அதன் செலவு அவரோடு முடியவில்லை. அடுத்துவந்த பத்தாம் லியோ, லொரென்சோ தெ மெடிச்சியின் மகன். கட்டடத்துக்காக அவர் அனுமதித்த பாவமன்னிப்புச் சீட்டுகள் ஜெர்மனியில் விற்கப்பட்ட விதம் பாடநூல்களில் இருப்பதைவிடச் சிக்கலானது. பிராண்டன்பர்க்கைச் சேர்ந்த ஆல்பிரெக்ட் ஏற்கெனவே மாக்டபர்க் பேராயர், மைன்ஸ் பேராயர் பதவியும் வேண்டும் என்றார். அதற்கான கட்டணத்தைக் கட்ட ஃபுக்கர் வங்கிக் குடும்பத்திடம் கடன் வாங்கினார். கடனை அடைக்கச் சீட்டு விற்பனை, வசூலில் பாதி ஃபுக்கருக்கு, பாதி ரோமுக்கு. சீட்டு வாங்கியவர்களுக்கு இந்த ஏற்பாடு தெரியாது. இந்த விற்பனையை எதிர்த்துக் கிளம்பிய ஜெர்மானியத் துறவி மார்ட்டின் லூதருக்கும் அப்போது முழுமையாகத் தெரிந்திருக்கவில்லை. இருந்தும், பெரும் பணக்காரரான போப் தன் சொந்தப் பணத்தில் இந்த ஒரு பேராலயத்தைக் கட்டினால் என்ன என்ற கேள்வி அவருடைய 95 கூற்றுகளில் ஒன்று. 1517 அக்டோபர் 31 அன்று அவற்றை ஆல்பிரெக்டுக்கு அனுப்பினார் என்பது உறுதி. ஆலயக் கதவில் ஆணியடித்தார் என்பதில் அறிஞர்களிடையே இன்னும் வழக்கு ஓயவில்லை.

பத்தாண்டுகள் கழித்து, 1527 மே 6 அன்று, பேரரசர் ஐந்தாம் சார்லஸின் சம்பளம் கிடைக்காத படை ரோமுக்குள் புகுந்தது. போப்பின் ஸ்விஸ் காவலர் 189 பேரில் 147 பேர் அன்று இறந்தார்கள். ஏழாம் கிளமெண்ட் மதில்மேல் ஓடும் வழியாக சாந்த் ஆஞ்சலோ கோட்டைக்குத் தப்பினார். இவர் யார் தெரியுமா? 1478இல் பேராலயத்தில் குத்துப்பட்டு இறந்த ஜூலியானோவுக்கு, அவர் இறந்தபின் பிறந்த மகன். மாளிகைக்குள் தங்கிய ஜெர்மானியக் கூலிப்படையினர் ரஃபேலின் சுவரோவியங்களில் கத்திமுனையால் கிறுக்கினார்கள். நற்கருணையைப் பற்றிய ஒரு மாபெரும் ஓவியத்தின் கீழ்ப்பகுதியில் அவர்கள் கீறியவற்றில் லூதரின் பெயரும் ஒன்று. திருமணத்தை ரத்துசெய்யச் சொல்லி இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி கேட்டபோது கிளமெண்ட் இழுத்தடித்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஹென்றியின் மனைவி கேத்தரின், சார்லஸின் சித்தி. ஒரு காலத்தில் ஜான் பணிந்து ஒப்படைத்த நாட்டையே ரோம் இழந்தது.

இனி மூன்றாவது கேள்விக்கு நேராகப் பதில் சொல்லலாம். மறுமலர்ச்சியைப் போப்புகள் படைக்கவில்லை. ஃபுளோரன்ஸின் வணிகர்களும் கைத்தொழில் குழுமங்களும் ஊர்ப்போட்டியும் வளர்த்த கைகளை ரோம் அழைத்துக்கொண்டது. மைக்கேலாஞ்சலோவும் போட்டிசெல்லியும் ஃபுளோரன்ஸில் பயின்றவர்கள், ரஃபேல் ஊர்பினோக்காரர். ஆனால் ரோம் கொடுத்த அளவு வேறு எந்த ஊரும் கொடுத்திருக்க முடியாது. அவ்வளவு பெரிய சுவர்கள், அவ்வளவு பெரிய கருப்பொருள்கள், ஒரு போப் இறந்ததும் அடுத்தவர் முந்தியவரை மிஞ்ச வேண்டும் என்ற அவசரம். கையிலிருந்து நழுவும் உரிமையைச் சுவரில் நிலைநாட்டும் தேவைதான் அந்த அளவுக்கு ஒரு முக்கியக் காரணம் என்று நான் நினைக்கிறேன். அது மட்டுமே காரணம் என்று சொன்னால் தவறாகிவிடும். பணப்புழக்கம், அச்சு, பழைய ரோமானியச் சிற்பங்கள் மண்ணிலிருந்து வெளிப்பட்டது என்று வேறு பலவும் உண்டு. அவர்களுக்குப் பக்தியே இல்லை, எல்லாம் ஆடம்பரம் என்பதும் சரியல்ல. குடும்பப் பெருமையையும் கடவுளின் மகிமையையும் தனித்தனிக் கணக்கில் எழுதும் வழக்கம் அந்தக் காலத்தில் இல்லை.

நம் ஊர்த் தொடர்பு உண்டு, அது ஓவியத்தின் வழியாக அல்ல, ஆயர் நியமனத்தின் வழியாக. 1514இல் போர்ச்சுக்கல் மன்னர் மானுவேல், இந்தியாவிலிருந்து வந்த வெள்ளை யானைக்குட்டி ஒன்றைப் பத்தாம் லியோவுக்குப் பரிசாக அனுப்பினார். ரோம் அந்த யானையைக் கொண்டாடியது. அதே ஆண்டில் லியோ, கடல் கடந்த நாடுகளில் திருச்சபைப் பதவிகளுக்கு ஆட்களை முன்மொழியும் உரிமையைப் போர்ச்சுக்கல் மன்னருக்குக் கொடுத்தார். எந்த உரிமைக்காக ஏழாம் கிரிகோரி பேரரசரோடு மல்லுக்கட்டினாரோ, அதற்கு நெருங்கிய ஒன்று இப்போது மன்னருக்குத் தானாகவே தரப்பட்டது. தூரக் கடல்களில் செலவு செய்யவும் கப்பல் அனுப்பவும் ரோமிடம் வசதி இல்லை, மன்னரிடம் இருந்தது. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்றதும், 1542இல் சவேரியார் வந்ததும், 1606இல் மயிலாப்பூர் மறைமாவட்டம் உருவானதும் இந்த ஏற்பாட்டின் கீழ்தான். மறைபரப்புப் பணியைத் தன் கைக்குள் கொண்டுவர ரோம் 1622இல் தனிச் சபை ஒன்றை நிறுவியபோது இரண்டு அதிகாரங்களும் நம் கடற்கரை ஊர்த் தேவாலயங்களில் முட்டிக்கொண்டன. எந்த ஆயருக்குக் கீழ்ப்படிவது என்ற சண்டை 19ஆம் நூற்றாண்டு வரை ஓயவில்லை. மயிலாப்பூர் ஆயரை முன்மொழியும் உரிமையைப் போர்ச்சுக்கல் 1950இல்தான் விட்டுக்கொடுத்தது. அந்தக் கதையை யாராவது தனியாகக் கேட்டால் எழுதுகிறேன்.